மாமனார் பம்பில் ஒரு திருகாணி

துருப்பிடித்த திருகாணியைக் கண்டால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு ஒதுங்கிப் போய்விட வேண்டும். இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஒரு தக்காளித் தோட்டம் தேவைப்பட்டது. அதுவும் மாமனாரின் தோட்டம்.

அறுபதுகளின் கடைசி. கல்யாணமான கையோடு மறுவீட்டுக்கு ராயக்கோட்டை போயிருந்தோம். எனக்குப் பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை. (வேலை என்றால் ஆபீசில் டைப் அடிப்பது. இயந்திரங்களை ஜன்னல் வழியாகப் பார்த்ததுண்டு.) 'மாப்பிள்ளை பேக்டரியில இருக்காரு' என்று பெண் வீட்டார் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார்கள். நானும் மறுக்கவில்லை.

அன்று காலை கிணற்றடியில் ஆயில் இஞ்சின் ஓடியது, தண்ணீர்தான் வரவில்லை. பூவும் பிஞ்சுமாகத் தக்காளிச் செடிகள் வாடிக்கொண்டிருந்தன. பம்பு மூடியைத் திறந்து பார்க்கலாமென்றால் ஒரு திருகாணி துருவேறி இறுகிக் கிடந்தது. மாமனார் அதன் மேல் மண்ணெண்ணெய் ஊற்றினார்.

"ஊறட்டும். சாயங்காலம் தானா இளகிடும்."

"அதுவரைக்கும் எதுக்கு மாமா? குடுங்க, நான் பாக்கறேன்" என்றேன். (வரப்பில் மனைவி நின்றுகொண்டிருந்தாள்.)

மாமனார் முகம் சுருங்கியது. ஆனால் புது மாப்பிள்ளை கேட்டு இல்லையென்று சொல்ல முடியுமா? திருப்புளியைக் கொடுத்தார்.

முதல் முறுக்கிலேயே திருகாணித் தலையின் பள்ளம் வழுவழுவென்று தேய்ந்துவிட்டது. அத்தோடு விட்டிருக்கலாம். உளி கேட்டேன், கொடுத்தார்கள். சுத்தியல் கேட்டேன், அதையும் கொடுத்தார்கள். (கடப்பாரை கேட்டிருந்தாலும் வந்திருக்கும். அப்படியொரு மரியாதை.) ஓங்கி ஒரு போடு போட்டேன். திருகாணி அசையவில்லை. பம்புதான் பிளந்தது.

"பழைய பம்பு மாப்ள. இன்னிக்கோ நாளைக்கோன்னு இருந்துச்சு" என்றார் மாமனார். திட்டியிருந்தால் தேவலை.

கிருஷ்ணகிரியிலிருந்து வேறு பம்பு வரும்வரை செடிகளுக்குக் குடத்தில்தான் தண்ணீர். மாமனார், மாமியார், மைத்துனன், மஞ்சள் காயாத தாலியோடு என் மனைவி, எல்லோரும் சுமந்தார்கள். நானும் ஒரு குடத்தைத் தொட்டேன். மாமியார் பிடுங்கிக்கொண்டார்.

"மாப்பிள்ளைய வேலை வாங்கறாங்கன்னு ஊரு பேசும். நீங்க உக்காருங்க மாப்ள."

புளியமர நிழலில் நாற்காலி போட்டார்கள். காபி வந்தது, மதியம் கோழிக்குழம்பும் வந்தது. அவர்கள் வியர்த்து வழிய என் முன்னால் போவதும் வருவதுமாக இருக்க, நான் உட்கார்ந்தே இருந்தேன். உட்கார்ந்து அவ்வளவு களைத்தது என் ஆயுளில் அந்த ஒரு தடவைதான். வெட்கத்தில் கோழிகூட இறங்கவில்லை. (கொஞ்சம் இறங்கியது.) தக்காளியில் பாதிதான் பிழைத்தது.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் குழாய் ஒழுகினாலோ மிக்சி நின்றாலோ, என் மனைவி முதலில் அதைப் பார்ப்பதில்லை. நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு, கையில் காபியைக் கொடுத்து, தன் அம்மாவின் குரலிலேயே சொல்கிறாள்:

"நீங்க உக்காருங்க மாப்ள."

உட்கார்ந்துவிடுகிறேன்.