தராசு ஐயாவுக்கு ஒரு மேற்பார்வை

மருத்துவமனையின் புறநோயாளிகள் வாசலுக்கு நேர் எதிரே, சாலையின் அந்தப் பக்கம், ஒரு அற்புதம் நடந்துகொண்டிருந்தது. காலையில் தொடங்கி, மதியச் சாப்பாட்டுக்கு இடைவேளை விட்டு, மாலை வரை நடக்கும். ஞாயிறு விடுமுறை.

நடத்தியவர் தராசு ஐயா. பெற்றோர் வைத்த பெயர் வேறு ஏதாவது இருந்திருக்கும். அது விளம்பரத்தில் இல்லை. முன்பு அந்த இடத்தில் சோபா விற்றார்கள். வியாபாரம் படுத்துக் கடை காலியானதும் ஐயா வந்தார். கண்ணாடிக் கதவில் ‘உடம்பு பொய் சொல்லாது’ என்று எழுதினார். அதன் பிறகு அந்தச் சாலையில் பேருந்து நிற்க இடமில்லை.

மருத்துவமனையில் கால் மணி நேரம் காக்க வைத்தால் சண்டைக்குப் போகிறவர்கள் இங்கே அரை நாள் நின்றார்கள். நின்றதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டார்கள்.

செய்முறை எளிது. மாத்திரைப் பையை இடது கையால் நெஞ்சோடு அணைத்துக்கொள்ள வேண்டும். வலது கையைப் பக்கவாட்டில் நீட்ட வேண்டும். ஐயா கண்ணை மூடி, நீட்டிய கையை இரண்டு விரலால் அழுத்துவார். கை நின்றால் மாத்திரை உடம்புக்கு ஏற்றது. கை இறங்கினால் விஷம். விஷத்தை அங்கேயே ஒரு மீன் தொட்டியில் கொட்டிவிட வேண்டும். சிவப்பும் மஞ்சளும் நீலமுமாகத் தொட்டி அழகாகத்தான் இருந்தது. குழந்தைகள் மீன் எங்கே என்று தேடுவார்கள்.

விஷம் போன இடத்தில் ஏதாவது நிரம்ப வேண்டுமல்லவா? அதற்கு ‘சமன் உருண்டை’ இருந்தது. கருப்பாக, நெல்லிக்காய் அளவில் இருக்கும். உருண்டையைப் பிடித்த எந்தக் கையும் இதுவரை இறங்கியதில்லை.

வரிசையில் பேச்சு தூள் பறக்கும்.

“எனக்குச் சர்க்கரை மாத்திரைக்குக் கை பொத்துனு விழுந்துருச்சுங்க.”

“ஒண்ணுக்குத்தானா? எங்க மாமியாருக்குப் பை மொத்தத்துக்கும் விழுந்துச்சு!”

சொன்ன மருமகளின் முகத்தில் கவலையை நான் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

என் கணவருக்கு இதயத்தில் செயற்கை வால்வு. அதில் ரத்தம் உறைந்துவிடாமல் இருக்கத் தினமும் ஒரு மாத்திரை போட வேண்டும். அவருடைய அக்காவுக்கு இதயம் தாளம் தப்பித் துடிக்கும். அவருக்கும் அதே மாத்திரைதான். அக்காவும் தம்பியும் ஒன்றாகவே மருத்துவமனைக்குப் போய்ப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு வருவார்கள். ஒருநாள் அக்கா தம்பியைச் சாலையின் அந்தப் பக்கம் அழைத்துப் போனார். அவர்கள் போனது எனக்குத் தெரியாது. என் கணவர் தினமும் காலையில் என் கண் முன்னால்தான் கையை வாய்க்குக் கொண்டுபோவார், தண்ணீர் குடிப்பார்.

பிறகு ஒருநாள், சவரம் செய்துகொண்டிருந்தவர் பாதிக் கன்னத்தோடு சரிந்தார். மறு பாதியை மருத்துவமனையில் ஒரு தாதி மழித்துவிட்டார். என் கணவர் அதன் பிறகு கண் திறக்கவில்லை.

மிச்சமிருந்த மருந்துகளைக் குப்பையில் போடக் கூடாது, திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மருந்துப் பையிலேயே அச்சடித்திருந்தது. அவருடைய அலமாரியைத் துடைத்து, இருந்ததையெல்லாம் பையில் போட்டு மருத்துவமனைக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

அங்கே மருத்துவ மருந்தாளுநர்கள் என்று சிலர் உண்டு. மருந்து விற்பவர்கள் அல்ல. அறையில் உட்காரவைத்து, என்ன போடுகிறோம், எப்படிப் போடுகிறோம் என்று கேட்டு, ரத்தப் பரிசோதனையைப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். இவர்களுக்கெல்லாம் மேற்பார்வையாளர் ஓர் அம்மா. நரைத்த முடியை ஒட்ட வெட்டியிருப்பார். தன் ஆட்கள் நோயாளியிடம் பேசும்போது மூலையில் உட்கார்ந்து கேட்பார். நோயாளி போன பிறகுதான் வாய் திறப்பார். அன்று என் முன்னாலேயே திறந்தார்.

இளம் மருந்தாளுநர் பையைக் கவிழ்த்தார். அட்டை அட்டையாக விழுந்தது. பெரும்பாலும் ஒரு மாத்திரைகூடப் பிரிக்காத அட்டைகள்.

“தவறாம போடுறேன்னு சொன்னாரே மேடம். ரத்தம் குடுக்க மட்டும், வெளியூர் போறேன், வந்து குடுக்கறேன்னு ஃபோன்ல சொன்னார்.”

“சொன்னார். நீங்க அட்டையைக் காட்டச் சொன்னீங்களா?”

அவர் பிரிக்காத அட்டைகளை எண்ணத் தொடங்கினார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. தினமும் காலையில் அவர் வெறும் தண்ணீரைத்தான் குடித்திருக்கிறார்.

பையின் அடியிலிருந்து ஒரு டப்பா உருண்டு வந்தது. சமன் உருண்டை. அதைப் பார்த்ததும் இளைஞரின் முகம் சிவந்தது.

“மேடம்... நானும் ஒரு தடவை போனேன். சும்மா வேடிக்கை பார்க்கத்தான். ஆனா நிஜமாவே கை இறங்குது மேடம். நான் பலமாத்தான் வெச்சிருந்தேன்.”

கிழித்துத் தொங்கவிடப்போகிறார் என்று நினைத்தேன். அந்த அம்மா குரலை உயர்த்தவே இல்லை.

“ரெண்டாவதா யார் பார்த்தது?”

“எதை மேடம்?”

“இங்க நீங்க ஒரு மருந்தை எடுத்து வெச்சா, இன்னொருத்தர் சரிபார்ப்பார். நீங்க என்ன முடிவு பண்ணீங்கன்னு அவருக்கு முன்னாடியே சொல்லுவோமா?”

“சொல்ல மாட்டோம்.”

“ஏன்?”

“சொன்னா, அவர் கண்ணுக்கும் அதேதான் தெரியும்.”

“சரி. அங்க ரெண்டாவது ஆள் யாரு?”

இளைஞர் மின்விசிறியைப் பார்த்தார். அது சுற்றிக்கொண்டிருந்தது.

நேரே நாத்தனார் வீட்டுக்குப் போனேன். அவரும் மாத்திரையை நிறுத்தியிருந்தார். ஒளிக்கவும் இல்லை.

“நிறுத்தினதாலதான் நான் நடமாடிட்டு இருக்கேன். அவன் லேட்டா நிறுத்தினான். விஷம் ஏற்கெனவே ஊறிடுச்சுன்னு ஐயாவே சொன்னார்.”

“அக்கா, ரத்தமாவது ஒரு தடவை குடுத்துட்டு வாங்க. எனக்காக.”

“இன்னொரு வாட்டி அந்த ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தே, உன் வீட்டுப் படி ஏற மாட்டேன்.”

ஒருவரை அனுப்பிவிட்டு வந்த வீட்டில், அடுத்து யார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. எந்தக் காலையில் என்பதுதான் தெரியவில்லை.

இந்த நேரத்தில் ஐயா ஆண்டு விழா வைத்தார். சுவரொட்டியில் அவர் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக இளம் மருந்தாளுநரின் படம். ‘மருத்துவமனையே ஏற்றுக்கொண்டது!’ வேடிக்கை பார்க்கப் போனவரை யாரோ வேடிக்கையாகப் படம் பிடித்திருக்கிறார்கள். மனிதர் வேலை போய்விடும் என்று நடுங்கினார்.

“போவோம்” என்றார் மேற்பார்வை அம்மா. “என் ஆளோட படம் இருக்கிற இடத்துக்கு நானும் வரணும்ல?”

விழாவில் நிற்க இடமில்லை. மேடையில் ஐயா, வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் செருப்பு. பக்கத்து நாற்காலியில் சாட்சியாக என் நாத்தனார். “இந்தம்மா நேரத்தோட வந்தாங்க, பிழைச்சாங்க. இவங்க தம்பி தாமதமா வந்தார்” என்று ஐயா கையை விரித்தார். கூட்டம் உச்சுக்கொட்டியது. தாமதமாக வந்தவரின் மனைவி ஐந்தாவது வரிசையில் இருந்தாள்.

மேற்பார்வை அம்மா மேடையேறினார். ஆஸ்பத்திரியே வணங்க வந்துவிட்டது என்று கைதட்டல்.

“ஐயா, எங்க ஆளுங்களுக்கும் இதைக் கத்துக்குடுக்கலாம்னு பார்க்கறேன்” என்றார், மிகப் பணிவாக. “எட்டு உறை கொண்டுவந்திருக்கேன். உள்ள என்னன்னு நான் சொல்ல மாட்டேன். இந்தம்மா கையிலயே நீங்க பார்த்துச் சொல்லுங்க. அதுவரைக்கும் உங்க சீடர் வெளியில நிக்கட்டும். அப்புறம் அவர் வந்து பார்க்கட்டும். உடம்பு ரெண்டு பேருக்கும் ஒரே பதிலைத்தானே சொல்லும்?”

ஐயா ஒரு கணம் யோசித்தார். கூட்டம் யோசிக்கவில்லை. “சொல்லும்! சொல்லும்!” என்று கத்தியது. ஐயாவால் மறுக்க முடியவில்லை. பக்தர்களால் வரும் தொல்லை இது.

உறைகள் பழுப்புக் காகிதம், வாய் ஒட்டியிருந்தது. முதல் உறைக்கு அக்காவின் கை நின்றது. அமுதம். இரண்டாவதற்கு இறங்கியது. விஷம். ஐந்தாவது உறையில் ஐயா விரலைச் சுட்டுக்கொண்டவர்போல இழுத்துக்கொண்டார். “அம்மாடி! இது நெஞ்சையே நிறுத்திடும். தூர வைங்க!” அக்கா அந்த உறையை விரல் நுனியால் பிடித்துக் கீழே வைத்தார். மொத்தம் ஐந்து விஷம், மூன்று அமுதம். இளைஞர் பலகையில் எழுதி, துணியால் மூடினார்.

சீடர் வந்தார். அதே அக்கா, அதே கை, அதே உறைகள். ஐயா அமுதம் என்றவற்றில் இரண்டு இப்போது விஷமாகியிருந்தன. ஐந்தாவது உறைக்குக் கை மலைபோல நின்றது. சீடர் பூரித்துப்போனார். “இது இந்தம்மாவுக்குன்னே செஞ்ச மருந்துங்க!”

பலகையின் துணியை எடுத்தார்கள். முன்வரிசையில் ஒருவர் சிரித்துவிட்டு, சிரித்ததற்காகச் சுற்றும் முற்றும் பார்த்தார்.

“பிரிச்சுப் பாருங்கம்மா” என்றார் மேற்பார்வை அம்மா. அக்கா ஒவ்வொன்றாகப் பிரித்தார். எட்டு உறையிலும் சமன் உருண்டை. அன்று காலையில் ஐயாவின் கல்லாவிலேயே வாங்கியது.

“ஐயா உருண்டையே நெஞ்சை நிறுத்துமா ஐயா?” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

ஐயா அசரவில்லை. அசந்தால் இந்தத் தொழிலுக்கு வர முடியாது. “காகிதம் சக்தியை மறைக்குது. அதான் உடம்பு குழம்புது.”

ஓய்வுபெற்ற ஓட்டுநர் ஒருவர் எழுந்தார். “என் மாத்திரை அட்டைக்குள்ள இருந்துச்சு, அட்டை டப்பாக்குள்ள, டப்பா பைக்குள்ள. அப்ப மட்டும் சக்தி எந்த வழியா வந்துச்சு?”

ஐயா தண்ணீர் கேட்டார்.

மேற்பார்வை அம்மா ஒலிபெருக்கி சுமந்து வந்த தடியான ஆளைக் கூப்பிட்டார். கையை நீட்டச் சொன்னார். வெறும் கைதான், பையும் இல்லை, உருண்டையும் இல்லை. மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து அழுத்தினார். கை இறங்கியது. தோளுக்குக் கொஞ்சம் தள்ளி அதே விரலால் அழுத்தினார். இறங்கவில்லை.

“கதவைக் கைப்பிடிகிட்ட தள்ளினா நகரும். கீல்கிட்ட தள்ளிப் பாருங்க. அவ்வளவுதாங்க. வேணும்னு செஞ்சாலும் இப்படித்தான். நம்பிக்கிட்டுச் செஞ்சாலும், எது விஷம்னு மனசுல முடிவு பண்ணிட்டா விரல் தானா வெளிப்பக்கம் போகும்.”

அரங்கம் முழுக்க ஒருவர் கையை ஒருவர் அழுத்திப் பார்த்துக்கொண்டார்கள். மாமியாருக்குப் பை மொத்தமும் விழுந்தது என்ற மருமகள், கணவரின் கையை அழுத்திவிட்டு, மறுபடி தூக்கிப் பிடித்து அழுத்தினாள்.

அக்கா மட்டும் அசையாமல் நின்றார். பிறகு ஐயாவுக்கு அருகில் போய், தன் வலது கையை நீட்டினார்.

“என் தம்பி கையை எங்க அழுத்தினீங்க?”

“அம்மா, அது வந்து...”

“மணிக்கட்டுலயா, மேலயா? கூட நின்னு பார்த்தேன். இப்ப ஞாபகம் வரல. நீங்களே தொட்டுக் காட்டுங்க.”

கண்ணை மூடி ஆயிரம் கைகளை அழுத்தியவர் அந்தக் கையைத் தொடவில்லை. அக்கா வெகுநேரம் கையை நீட்டியபடியே நின்றார். யாரும் அழுத்தாமலே அது மெல்லத் தாழ்ந்தது. நான் மேடையேறிப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் அக்கா மருத்துவமனையில் ரத்தம் கொடுத்தார். “எப்ப நிறுத்தினீங்க?” என்று இளம் மருந்தாளுநர் கேட்டார். அக்கா உண்மையைச் சொன்னார். இளைஞர் அத்தோடு விடாமல், “அட்டையைக் காட்டுங்க” என்றார். மூலையில் இருந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஐயா இப்போது வேறு ஊரில் பாதத்தைப் பார்த்துச் சொல்கிறாராம். நல்ல கூட்டமாம். போகிறவர்களைத் தடுக்க நான் யார்? ஒன்று மட்டும் செய்யுங்கள். உங்கள் மருந்தை வெளியே தெரியாத எட்டு உறையில் போட்டு, அவரிடமும் சீடரிடமும் தனித்தனியாகக் கொடுங்கள். எட்டுக்கும் இருவரிடமும் ஒரே பதில் வந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள், நானும் வரிசையில் வந்து நிற்கிறேன். வராவிட்டால், அங்கேயே தண்ணீர் வாங்கி மாத்திரையை விழுங்கிவிட்டு வீட்டுக்குப் போங்கள். நீங்கள் நிஜமாகவே விழுங்கினீர்களா என்று தெரியாமல் ஒருத்தி அங்கே காப்பி போட்டுக்கொண்டிருப்பாள்.