மந்திரவாதி கையால் பரிசு

புதுக்கோட்டையில் அந்த நாளில் போலீசுக்குப் பயந்தவர்களைவிட எங்கள் டிராயிங் மாஸ்டருக்குப் பயந்தவர்கள்தான் அதிகம். அவர் யாரையும் அடித்ததில்லை, அதட்டியதுகூட இல்லை. சும்மா பார்ப்பார். காப்பி கிளப்பில் எதிர் பெஞ்சுக்காரரை ஐந்து நிமிஷம் உற்றுப் பார்த்தாரென்றால், எங்கள் பத்திரிகையின் அடுத்த இதழில் அந்த ஆள் ராட்சசனாகவோ, துரோகி மந்திரியாகவோ, முதலைக்கு இரையாகவோ வந்துவிடுவார்.

ஐம்பதுகளில் அங்கே வெளிவந்த சிறுவர் பத்திரிகை அது; நான் அதில் புரூப் திருத்தினேன். மாஸ்டர் பள்ளிக்கூட வேலையை உதறிவிட்டு வந்து படம் போட்டார். கை பிரமாதமான கை. ஆனால் கண்ணால் பார்க்காத முகம் அந்தக் கையில் வராது.

"ஏதாவது ஒரு மூஞ்சியப் போட்டுக் குடுங்க மாஸ்டர், அச்சுக்குப் பிளாக் எடுக்க நேரமாச்சு" என்று ஆசிரியர் கெஞ்சுவார்.

"ஏதாவது ஒரு மூஞ்சின்னு ஒலகத்துல ஒண்ணும் கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பிவிடுவார்.

அதன் பலனை நாங்கள் அனுபவித்தோம். தபாலாபீஸ் குமாஸ்தாவைப் பேயாகப் போட்டார். எங்களுக்கு வரும் கடிதங்கள் இரண்டு நாள் தாமதமாக வர ஆரம்பித்தன. சவரக்கடைக்காரர் மூன்று இதழ் தொடர்ந்து சக்கரவர்த்தியாக வந்தார். அதன் பிறகு அவரிடம் முடிவெட்டிக்கொள்ள நாங்கள்தான் கைகட்டி நிற்க வேண்டியிருந்தது.

இந்த நிலையில் ஆசிரியருக்குப் பரிசு விழா நடத்தும் ஆசை வந்தது. பிடித்த எழுத்தாளருக்கும் பிடித்த ஓவியருக்கும் பிள்ளைகள் கூப்பன் வெட்டி ஓட்டுப் போட்டார்கள். ஓவியர் பரிசு மாஸ்டருக்குத்தான். "நேரில் வந்து பாருங்கள், கையெழுத்து வாங்க இதழைக் கையோடு கொண்டு வாருங்கள்" என்ற அறிவிப்பை எழுதிய புத்திசாலி நான்.

தலைமை தாங்க, அந்த வருஷம் மாற்றலாகி வந்திருந்த ஸ்கூல் இன்ஸ்பெக்டரை அழைத்திருந்தோம். அவர் சிபாரிசு செய்தால் பள்ளி நூலகங்களெல்லாம் எங்கள் பத்திரிகையை வாங்கும். செய்யாவிட்டால் தீபாவளியோடு கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று ஆசிரியர் எங்களிடம் சொல்லியிருந்தார்.

விழாவன்று கார் வந்தது. இன்ஸ்பெக்டர் இறங்கினார். சேர்ந்த புருவம், மூக்கோரம் மிளகளவு மரு, காதில் கொத்தாக முடி. இவரை எங்கோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தேன். பிறகு தெரிந்தது. நான்கு மாதமாக எங்கள் தொடர்கதையில் குழந்தைகளைக் கல்லாக்கிக் கொண்டிருந்த மந்திரவாதி அவர்!

மேடைக்குப் பின்னால் தலை சீவிக்கொண்டிருந்த மாஸ்டரிடம் ஓடினேன்.

"மாஸ்டர், அந்த மந்திரவாதி மூஞ்சிய எங்க புடிச்சீங்க?"

"குடுமியான்மலக் கோயில் வாசல்ல. ஒரு பெரிய மனுஷர் வெயில்ல நின்னு கத்திக்கிட்டு இருந்தாரு. அருமையான மூஞ்சி. ஏன்?"

"அது இப்ப மேடையில ஒக்காந்திருக்கு!"

மாஸ்டர் திரையை விலக்கிப் பார்த்தார். முகம் வெளுத்தது. "அடடா, மரு இடப்பக்கமா இருக்கு! நான் வலப்பக்கமாப் போட்டுட்டேனே" என்றார்.

மண்டபத்தில் இருநூறு பிள்ளைகள். இருநூறு மடியிலும் இதழ். "குடுங்க கண்ணுகளா, மொத்தமாக் கையெழுத்து வாங்கித் தாரேன்" என்று வரிசை வரிசையாகப் பிடுங்கப் பார்த்தேன். கீரமங்கலத்துப் பையன் ஒருவன் என் கையைக் கடித்துவிட்டான். பிள்ளைகள் மேடையைப் பார்ப்பதும், இதழைப் புரட்டுவதும், காதோடு காதாகப் பேசுவதுமாக இருந்தார்கள். எனக்கு வேட்டி முழுக்க வேர்வை.

முதல் பரிசு, சிறந்த வாசகர் கடிதத்துக்கு. கோட்டைப்பட்டினத்திலிருந்து தன் அப்பாவோடு பஸ் ஏறி வந்த ஜெய்னம்பு, எட்டு வயது, படியேறினாள். இன்ஸ்பெக்டர் புத்தகத்தை நீட்டினார். அவள் அலறிவிட்டாள்.

"நான் போமாட்டேன் அத்தா! என்னையக் கல்லாக்கிப்புடுவாரு!"

இன்ஸ்பெக்டர் அவள் கையிலிருந்த இதழை வாங்கினார். பார்த்தார். புருவத்தைத் தடவினார். காதைத் தொட்டுப் பார்த்தார். "யாருய்யா இதப் போட்டது?" என்றார்.

"மெட்ராஸ்லேருந்து வந்த பிளாக்குங்க..." என்று ஆசிரியர் இழுத்தார். நான் தரையைப் பார்த்தேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன், தரையைத்தான் பார்த்தேன்.

"நான்தாங்க போட்டேன்." மாஸ்டர் மேடைக்கு வந்து நின்றார். தலை சீவிய சீப்பு இன்னும் கையில் இருந்தது. "கோயில் வாசல்ல உங்களப் பாத்தேன், இன்னாருன்னு தெரியாது. இவுக மேல தப்பு இல்ல. எனக்குப் பரிசு வேணாம், பத்திரிகைய மட்டும் கைவிட்டுறாதீங்க."

இன்ஸ்பெக்டர் இதழை மடித்து ஜெய்னம்புவிடம் திருப்பிக் கொடுத்தார்.

"அன்னைக்குப் புதுச் செருப்பு தொலைஞ்சு போச்சுய்யா" என்றார் இன்ஸ்பெக்டர் மெதுவாக. "அதான் கத்துனேன். இந்தப் புள்ள இப்பப் பயப்படுதே, இதுக்கு என்ன செய்யப் போறீரு?"

"மந்திரவாதியத் திருத்திரலாங்க" என்று மாஸ்டர் மேடை ஓரத்துக் கரும்பலகையை இழுத்தார். "ஆனா நீங்க சிரிக்கணும். பாக்காம எனக்கு வராது."

இன்ஸ்பெக்டர் உதட்டை விரித்தார்.

"அது பல்லு வைத்தியருக்குக் காட்டுறதுங்க. சிரிங்க."

மறுபடி முயன்றார்.

"இப்ப வயித்துவலி மாதிரி இருக்குங்க."

ஜெய்னம்புதான் முதலில் களுக்கென்று சிரித்தாள். முன்பல் இரண்டும் இல்லை. அதைப் பார்த்ததும் இன்ஸ்பெக்டருக்கு நிஜமாகவே சிரிப்பு வந்துவிட்டது; வந்தது நிற்கவில்லை. மாஸ்டர் கரகரவென்று வரைந்து முடித்தார். மந்திரவாதி சிரித்தார், மரு இடப்பக்கம். ஜெய்னம்பு அவர் கையால் பரிசு வாங்கினாள். மாஸ்டரும் வாங்கினார். சிபாரிசும் வந்தது.

கூட்டம் கலையும்போது ஜெய்னம்பு மாஸ்டரின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "என்னையப் போடுவீங்களா?"

மாஸ்டர் உற்றுப் பார்த்தார். ஊரே ஓடி ஒளிந்த அந்தப் பார்வைக்கு, அவள் நிமிர்ந்து நின்று முகத்தைக் காட்டினாள்.

அடுத்த தொடரில் கடலோர இளவரசி ஒருத்தி வந்தாள், பொக்கை வாயோடு.

"இளவரசிக்கு எப்புடிய்யா பல்லு இல்லாமப் போகும்?" என்று குதித்தார் ஆசிரியர்.

"மொளைக்கும்போது போட்டுக்கலாங்க" என்றார் மாஸ்டர்.

மாஸ்டர் போய் வெகுகாலம் ஆகிறது. அன்றைக்குத் தரையைப் பார்த்ததற்கு அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதில்லை. அவர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் என்றும் சொன்னதில்லை. இப்போது சிறுவர் புத்தகங்களில் எவ்வளவோ அழகான படங்கள் வருகின்றன. இளவரசிகள் எல்லோருக்கும் பல்வரிசை முத்து முத்தாக இருக்கிறது. எனக்குத்தான் அவர்களில் ஒருத்தியையும் தெரியவில்லை.