சொந்தக்காரர் இல்லாத ஐரோப்பா

ஒஸ்லோவின் ஹவுகெட்டோப் பக்கத்து வீட்டுச் சமையலறையில் வைத்து மகேசன் சட்டம் போட்டார். இந்தக் கோடைக்கு ஐரோப்பாவை ரயிலில் சுற்றுவது. ஒரு சொந்தக்காரர் வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை. சோத்துச் சட்டி, மிளகாய்த்தூள், ஊறுகாய் என்று வீட்டைக் கட்டி இழுத்துக்கொண்டு போவதுமில்லை. ஆளுக்கொரு தோள்பை, அவ்வளவுதான்.

மனிசனில் பிழை சொல்லவும் ஏலாது. ஒஸ்லோவுக்கு வந்த காலம் தொட்டு லீவு என்றால் கலியாணம், இல்லாவிட்டால் ஏதாவது பெட்டை பெரியபிள்ளையான சாமத்தியவீடு. டோர்ட்முண்டில் மண்டபம், சூரிச்சில் மண்டபம், லண்டனில் மண்டபம். கதிரைகளுக்கு வெள்ளைச் சீலை போர்த்திய ஒரு பெரிய மண்டபத்துக்குத்தான் ஐரோப்பா என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என அவர் நினைக்கத் தொடங்கிவிட்டார். பாரிசுக்கு எத்தனையோ தரம் போனவர், ஈபிள் கோபுரத்தை ஓடுகிற காருக்குள் இருந்துதான் கண்டவர். நிப்பாட்டச் சொல்லிக் கெஞ்சியும் மச்சான்காரன் நிப்பாட்டவில்லை, வீடியோக்காரன் மண்டபத்துக்கு வந்துவிடுவானாம். பென்சன் எடுத்த இந்த வருஷமாவது அதன் உச்சியில் ஏறி நிற்காவிட்டால் தான் ஒரு மனிசனே இல்லை என்று அவருக்கு ஒரே பிடிவாதம். குடும்ப வாட்ஸ்அப் குழுவை விட்டுக்கூட விலகிவிட்டார் என்றால் பாருங்களேன்.

மனைவி யோகாம்பாளின் போக்கு வேறு. அவவுக்கு ஊர் பார்ப்பதென்றால் தெருவோரத்தில் ஒரு வாங்கில் ஆறுதலாக இருந்து போற வாற சனத்தைப் பார்ப்பது. மகேசனுக்கு ஊர் பார்ப்பதென்றால் ஓடுவது. ஆனபடியால் பெரிய சண்டை ஒன்று வரும் என்று அவர் வரிந்துகட்டிக்கொண்டு நின்றார். மனிசி வெண்டிக்காயை நறுக்கினபடியே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "ஓம்" என்றா.

ரயிலுக்குப் பதிந்து கொடுத்த மகள் யதுர்ஷா, அம்மா இவ்வளவு கெதியாக ஓமென்றால் அப்பா கொஞ்சம் யோசிக்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தாள். அப்பாவுக்குச் சந்தோஷப் புளுகம் தலைக்கேறியிருந்தது. கோபுரத்துக்கு எந்தப் பின்னேரம் ஏறலாம் என்று அவளைக் கேட்டு, அதற்கும் டிக்கெட் எடுப்பித்தார்.

வெளிக்கிட்டார்கள். கொப்பன்ஹேகனை மகேசன் அரை நாளில் முடித்தார். அவர் ஓடி முடித்து வரும்வரை யோகாம்பாள் துறைமுகக் கரையில் இருந்து, முன்பின் தெரியாத ஒரு டெனிஷ் மனிசியோடு நோர்வே மொழியில் கதைத்து, அவவின் முழங்கால் வருத்தம் வரை விசாரித்து வைத்திருந்தா. சாப்பாடு பாண் ரொட்டியும் சீசும். ஹம்பேர்க்கிலும் பாணும் சீசும். கேல்னில் பெரிய தேவாலயத்தின் படியெல்லாம் ஏறி மூச்சு வாங்க இறங்கி வந்தார். கீழே மனிசி கையில் பாணும் சீசுமாக நின்றா.

இந்த மனிசன் ஒஸ்லோ ஆசுப்பத்திரிச் சமையலறையில் வருஷக்கணக்காக நோர்வேக்காரருக்கு உருளைக்கிழங்கு அவித்தவர்தான். ஆனால் வீட்டுக்கு வந்தால் சோறில்லாமல் படுக்கை இல்லை. கேல்னிலேயே வயிறு முறைப்பாடு வைக்கத் தொடங்கிவிட்டது. யோகாம்பாளோ பாணை ரசித்து ரசித்துச் சாப்பிட்டா. வயித்துக்கு லேசாக இருக்குதாம். அதைக் கேட்க மகேசனுக்குப் பத்திக்கொண்டு வந்தது. ஆனால் வாய் திறக்க முடியாதே, சட்டம் போட்ட வாயல்லவா!

அடுத்த நாள் பாரிஸ் வடக்கு ரயில் நிலையம். வெளியே வந்து கொஞ்சத் தூரம் நடந்தால் லாச்சப்பல், தமிழ்க்கடைத் தெரு. கொத்துரொட்டி அடிக்கிற சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. அதற்குப் பின்னால் நண்டுக்கறி மணம். மகேசனின் கால் தானாக நின்றுவிட்டது.

"யோகம், சும்மா ஒரு கடைக்குள்ளை பூந்து ரண்டு வாய் சோறு..."

"வேண்டாமப்பா."

"கடை என்ன, சொந்தக்காரர் வீடோ?"

"இஞ்சை கடையிலை கை நனைச்சா, நாங்கள் கை கழுவ முதலே தம்பி சுரேனுக்குப் போன் போயிடும். பாரிசுக்கு வந்தும் கூடப் பிறந்தவன்ரை வாசலுக்குப் போகாமல் கடையிலை திண்டிட்டுப் போட்டாள் எண்டு கதை வரும். நான் பிறகு சபை சந்தியிலை முகம் காட்டேலாது. ஒண்டில் அவன்ரை வீட்டை போகோணும். இல்லாட்டி நேற்றையான் பாண் இருக்குது."

மனிசி சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சொந்தம் இருக்கிற ஊரில் கடைச்சோறு தின்பது அந்தச் சொந்தத்தின் முகத்தில் அடிப்பது மாதிரி. மகேசன் போட்ட சட்டத்தை மகேசன் உடைக்கலாம், சனம் போட்ட சட்டத்தை உடைக்க அவருக்குத் துணிவில்லை. நின்ற நிலையில் யோசித்தார். ஒரே ஒரு நேரச் சாப்பாடு. இரவு ஹோட்டலில். கோபுரத்துக்கு நாளைப் பின்னேரம்தானே, அதை ஒருத்தரும் அசைக்க விடக் கூடாது.

"சரி, சுரேன் வீட்டை போவம். ஒரு நேரம் மட்டும்."

"நான் கேக்கேல்லை."

"நீ கேக்கேல்லை, நான்தான் சொல்லுறன்."

"பிறகு நான் இழுத்துக்கொண்டு போனது எண்டு சொல்லக் கூடாது. நீங்களே போன் எடுத்துக் கதையுங்கோ."

மகேசன் எடுத்தார். சுரேன் கொஞ்சமும் ஆச்சரியப்படவில்லை. பாரிசில் இறங்கினதும் அத்தான் எடுப்பார் என்று அக்கா ஏற்கெனவே சொன்னவவாம், அவன் மனிசி தேவிகா நண்டை அடுப்பில் வைத்துவிட்டாளாம். சந்தோஷம் தாங்காமல் மேலும் சொன்னான். நாளைப் பின்னேரம் மகள் ஜெனுஷாவின் சாமத்தியவீடு. மாமாவும் மாமியும் இரண்டு பக்கமும் நில்லாமல் பிள்ளையை எப்படி மேடைக்கு ஏற்றுவது? அக்கா எப்பவோ ஓமென்று சொல்லிப்போட்டாவாம்.

நாளைப் பின்னேரம்! மகேசன் திரும்பிப் பார்த்தார். யோகாம்பாள் ஒரு வாங்கில் ஆறுதலாக இருந்து போற வாற சனத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. ஆனாலும் மகேசன் விடுகிற ஆளில்லை. ஒரு நியாயம் கையில் இருந்தது, பொய்யில்லாத நியாயம்.

"சுரேன், குறை நினையாதை. என்னட்டை ரண்டு காற்சட்டையும் ஒரு மழைக்கோட்டும்தான் கிடக்கு. இந்தக் கோலத்திலை நான் பிள்ளைக்குப் பக்கத்திலை நிண்டா உனக்குத்தான் மரியாதை கெடும்."

சொல்லிவிட்டு நிமிர்ந்தார். கோபுரத்தின் உச்சியில் காற்று முகத்தில் அடிப்பது போலவே இருந்தது.

"அதுக்கு நீங்கள் யோசியாதேங்கோ அத்தான்," என்றான் சுரேன். "உங்கடை பட்டுவேட்டியும் சால்வையும் அக்கா தபாலிலை அனுப்பினவ. போன கிழமையே வந்திட்டுது."