மாடியில் நடப்பது யார்?

மரியாதைக்குரிய மச்சானுக்கு, மாப்பிள்ளை எழுதுவது. நானும் உங்கள் தங்கையும் சௌக்கியம். உங்கள் சௌக்கியத்தை விசாரிக்கும் மனநிலை எனக்கு இல்லை, விசாரித்ததாக வைத்துக்கொள்ளவும்.

நாம் சேர்ந்து படித்த அந்தப் பேய் மாளிகை நாவலில், மாடியில் தன் மனைவி நடக்கிற சத்தம் கேட்கிறது என்று கதை சொல்கிற டாக்டர் ராத்திரிதோறும் எழுதுகிறார். மூன்றாம் அத்தியாயத்தில் அவரே, மாடிப்படி தீயில் எரிந்த பிறகு யாரும் மேலே போனதில்லை என்று வாய் தவறி உளறுகிறார். நீங்கள் பேய் என்றீர்கள். கதை சொல்கிற ஆளே புளுகன், மனைவியைக் கொன்றவன் என்றேன் நான். “மாப்ள, உங்களுக்குக் கதை படிக்கத் தெரியலை, துப்புத் துலக்கத்தான் தெரியுது” என்று சொல்லிவிட்டு எழுந்து போனவர்தான். அதற்கப்புறம் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரவில்லை. சரி, போகட்டும், உலகத்தில் வேறு ஆளா இல்லை என்று உங்கள் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். “அவங்களுக்குப் புள்ளைங்க இருக்கா?” என்று கேட்டாள், தூங்கிவிட்டாள். நான் வேலை பார்க்கிற மருந்துக்கடையில் இருமல் மருந்து வாங்க வந்த ஒரு அம்மாவிடம், “அந்த டாக்டர் சொல்றதை நம்பாதீங்க, பொண்டாட்டியைக் கொன்னவர்” என்று ஆரம்பித்தேன். அந்த அம்மா தன் டாக்டரைச் சொல்கிறேன் என்று நினைத்து, மருந்தை அப்படியே மேஜைமேல் வைத்துவிட்டு ஓடிவிட்டார். முதலாளி என்னைக் கூப்பிட்டுப் பேசியதை எழுத இந்தத் தாள் போதாது.

போன ஞாயிறு தனியாக மறுபடி படித்தேன். நாம் இரண்டு பேரும் கோட்டை விட்ட இடம் ஒன்று இருக்கிறது மச்சான். தினமும் சாயங்காலம் அவர் இரண்டு கோப்பையில் தேநீர் ஊற்றுகிறார். ஒன்றைக் குடித்துவிட்டு, “அவளுக்கு இன்று பிடிக்கவில்லை போலும்” என்று எழுதுகிறார். கொன்றவன் எதற்கு ஊற்றுகிறான்? பேய்க்கு எதற்குத் தேநீர்? அவள் அவரை விட்டுப் போய்விட்டாள், அவ்வளவுதான். அதை எழுதத்தான் அவருக்குக் கை வரவில்லை. “மச்சான், பாத்தீங்களா!” என்று கத்திவிட்டேன். எதிர் நாற்காலியில் மடித்த துணிதான் இருந்தது. அடுப்படியிலிருந்து உங்கள் தங்கை ஈரக்கையோடு ஓடிவந்தாள். “அண்ணன் வந்துட்டாரா?” இல்லை என்று சொல்ல அந்த முகத்தைப் பார்த்து வாய் வரவில்லை. “வர்றேன்னு சொல்லியிருக்காரு” என்றேன்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் புறப்பட்டு வர வேண்டியதில்லை. நானும் வரப்போவதில்லை; எனக்கும் ரோஷம் இருக்கிறது. அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, உங்களுக்கு மிச்சமிருப்பது.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்.

பி.கு.: தபாலில் போட்டால் தாமதமாகும் என்று நானே எடுத்து வந்தேன். உங்கள் வீட்டு அழைப்புமணி வேலை செய்யவில்லை. இதைக் கதவுக்கு அடியில் தள்ளிக்கொண்டு குனிந்திருக்கிறேன். மெதுவாகத் திறக்கவும், தலை பக்கத்தில் இருக்கிறது.