‘நைசா நழுவு – 2’: ஒரு மாபெரும் முன்னேற்றம்

உலக வரலாற்றை இனிமேல் இரண்டாகத்தான் பிரிக்க வேண்டும்: ‘நைசா நழுவு’ முதல் பாகத்தின் காலம், இரண்டாம் பாகத்தின் காலம். இந்தத் திருப்பம் நிகழ்ந்த புண்ணியத் தலம், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு பிரியாணிக் கடையின் மாடி. அங்கே இயங்கும் வீடியோ கேம் கம்பெனியில் நான் ‘ஒப்பீட்டு அதிகாரி’. முதல் பாகத்தைவிட இரண்டாம் பாகம் எந்தெந்த வகையில் சிறந்தது என்று அறிக்கை எழுதுவது என் பணி. சிறந்ததுதானா என்று பார்ப்பது என் பணி அல்ல.

முதல் பாகம் ரொம்ப எளிமை. கச்சிராயபாளையத்தில் ஒரு கல்யாண மண்டபம். கல்யாணமாகாத ஒரு பெண், “உனக்கு எப்ப?” என்று கேட்கும் சொந்தக்காரர்கள் கண்ணில் படாமல், தூணுக்குத் தூண் பதுங்கிப் போய்ப் பந்தியில் சாப்பிட்டுவிட்டு வெளியேற வேண்டும். அவ்வளவுதான். புரோகிராமர் ஃபரீன் தனியாளாகச் செய்தது. யோசனை கொடுத்தவள் டெஸ்டர் பிரின்சி. அது அவளுடைய சொந்த அனுபவம். ஊரே விளையாடியது. திரையில் ஒரு பெரியம்மா திரும்பினால் கையிலிருக்கும் போனுக்கே வியர்க்கும்.

இவ்வளவு சின்ன விஷயத்தில் ஜெயித்தது எங்கள் முதலாளி எட்வினுக்குக் கூச்சமாக இருந்தது. ஆலோசனைக் கூட்டம் கூட்டினார். இரண்டாம் பாகத்தில் கல்வராயன் மலை முழுவதும் வரும், அருவிகள், பனிமூட்டம், கடுக்காய் மரங்கள் எல்லாம் தத்ரூபமாக இருக்கும் என்று அறிவித்தார். இவ்வளவு பாடுபட்டு வரைந்த இயற்கையைப் பார்க்காமல் ஆட்டக்காரர் புதருக்குள் முகத்தைப் புதைத்துக்கொள்வது ‘வள விரயம்’ என்பதால் புதர்கள் நீக்கப்பட்டன. பாறைகள் கண்ணாடிபோல் ஆக்கப்பட்டன.

“அப்ப எங்கங்க ஒளியறது?” என்று ஃபரீன் கேட்டாள்.

“ஒளியறதெல்லாம் பழைய பாகம்மா. இதுல கண்டுபுடிக்கறதுதான் மேட்டரு.”

அதற்காக ‘உயிருள்ள உறவுகள்’ என்றொரு புரட்சி அம்சம் சேர்க்கப்பட்டது. ஆட்டக்காரரின் போனில் அத்தை, மாமா, சித்தப்பா என்று பதிந்திருக்கும் எல்லோருக்கும் அழைப்பு போகும். ஆட்டக்காரர் இப்போது எங்கே நிற்கிறார் என்று கேமே அவர்களுக்குச் சொல்லும். முதலில் வந்து பிடிப்பவருக்குப் பரிசுப் புள்ளிகள். இதனால் ‘எங்கேஜ்மென்ட்’, அதாவது ஆட்டக்காரர் கேமோடு ஒட்டிக்கொள்ளும் அளவு, எகிறும் என்றார் எட்வின். இது தப்பு என்று ஃபரீன் அரை மணி நேரம் வாதாடினாள். ‘ஊழியர் பேரார்வத்துடன் கலந்துரையாடினார்’ என்று நான் கூட்டக் குறிப்பில் பதிவு செய்தேன்.

வெள்ளோட்டத்துக்குக் கல்வராயன் மலைமேல் இருக்கும் வெள்ளிமலையைத் தேர்ந்தெடுத்தோம். முதலாளி, ஃபரீன், நான் எல்லோரும் போனோம். ஆட்டக்காரி பிரின்சி. அந்த வாரம் அவளைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. அதனால் கம்பெனி டிரெய்னிங்குக்காக பெங்களூர் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு மலைக்கு வந்திருந்தாள். தானாகத் தேடிக்கொண்ட முதல் வேலை இது, இதை விட மனசில்லை என்று பஸ்ஸில் வரும்போது என்னிடம் சொன்னாள். புதிய அம்சத்தைப் பற்றி அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் ‘இயல்பான எதிர்வினை’ கிடைக்காது என்று முதலாளி உத்தரவு. கேம் கேட்ட எல்லாவற்றுக்கும், நாம் எல்லோரும் செய்வதுபோல, படிக்காமலே ‘அனுமதி’ கொடுத்தாள்.

செல்போன் சிக்னலே பதுங்கி வாழும் மலை அது. ஆனால் எங்கள் கேம் அங்கேயும் வேலை செய்தது.

மதியத்துக்குள் பிரின்சியின் ஊரான நைனார்பாளையத்திலிருந்து ஒரு வேன் ஏறி வந்தது. பட்டுப் புடவையில் முதலில் இறங்கியவர் பிரின்சியின் அத்தை ஆனந்தமேரி. கையில் போன் கூவிக்கொண்டிருந்தது. பின்னால் பழத்தட்டு, மாப்பிள்ளை வீட்டார், போட்டோகிராபர். பிரின்சி சட்டென்று ஒரு நிஜப் பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். அத்தை போனைப் பார்த்தபடியே பாறையைச் சுற்றி வந்து அவள் எதிரில் நின்றார்.

“பெங்களூர்னு சொல்ட்டு இங்க இன்னா பண்ணிக்கினு கீற?”

“வேலை பாத்துக்கினு இருக்கேன் அத்தை.”

அத்தை அவள் தலையில் பூ வைத்தார். மாப்பிள்ளை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. விசாரித்ததில், அவரும் முதல் பாகத்தின் ரசிகராம். ரசிகர்களுக்கு நாங்கள் அனுப்பிய இரண்டாம் பாகத்தின் வெள்ளோட்டப் பதிப்பைக் காலையில்தான் போனில் ஏற்றியிருக்கிறார். பெண் பார்க்க வராமல் கரியாலூரில் ஒரு டீக்கடைக்குள் பதுங்கியிருந்தவரை, வரும் வழியில் அவருடைய சித்தப்பா பிடித்து வேனில் போட்டுக்கொண்டாராம்.

திரையில் ‘வெற்றி! முதலிடம்: ஆனந்தமேரி’ என்று வந்தது. எட்வினுக்குக் கண் கலங்கிவிட்டது. “பாத்தீங்களா எங்கேஜ்மென்ட்ட!” என்றார்.

“நிச்சயத்த அடுத்த மாசம் வெச்சிக்கலாங்க, சர்ச்சுல கேட்டுக்கினுதான் தேதி சொல்லணும்,” என்றார் அத்தை.

அதற்குள் பிரின்சியின் அப்பா பிலிப்பு போனில் வந்தார். பொய் சொல்லிவிட்டுப் போகிற வேலை இனி வேண்டாம், அத்தையோடு வூட்டுக்கு வா என்றார். இரண்டே வாக்கியம். பிரின்சி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றி முதலாளி கையில் கொடுத்தாள்.

“மொத பாகத்துல மாட்டிக்கினா திரும்ப ஆடலாங்க. இதுல எனக்கு அது இல்ல.”

வேன் கிளம்பிவிட்டது. ஃபரீன் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிப் போனாள், மறுநாளும் வரவில்லை. எட்வின் என்னை உடனே அறிக்கை எழுதச் சொன்னார்.

எழுதினேன்: ‘முதல் பாகத்தில் பிரின்சியைத் தேடுவதற்குச் சொந்தக்காரர்கள் மட்டுமே இருந்தார்கள், அவளைக் காட்டிக்கொடுக்க ஆள் இல்லாதது ஒரு பெருங்குறை. இரண்டாம் பாகத்தில் அந்தப் பொறுப்பைக் கம்பெனியே ஏற்றுச் சிறப்பாக நிறைவேற்றியுள்ளது.’