மூன்று டின்னும் ஒரு நீலச் சீசாவும்

சேசு மரி சூசை துணை

ஈப்போ
12-8-1926

கோப்பெங்கில் வசிக்கும் மகாபிரிய மச்சான் கஸ்பாருக்கு, உம் அக்காள் புருஷன் யேசுதாசன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் எல்ஸியும் சுகம் என்று எழுதுவது முறை, ஆகையால் எழுதிவிட்டேன். நாலு நாளாகப் பிள்ளை என் கைச்சமையலைத் தின்கிறாள். எங்கள் சுகத்தை அதைக் கொண்டு நீரே மட்டுக்கட்டிக்கொள்ளும். உம் அக்காள் ரோசரிக்கு வாசிக்கத் தெரியாதாகையால், அவளை எதிரே உட்காரவைத்து இதை உரக்க வாசிக்கவும். எழுந்து போனால் பின்னாலேயே போய் வாசிக்கவும்.

செமோர் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷம் ரப்பர்க் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவன் நான். நல்ல பால் வாளியில், மரத்தில் உறைந்த ஒட்டுப்பால் கூடையில் என்று மரத்தடியிலேயே பிரிக்காவிட்டால் மண்ணும் பட்டையும் கலந்து பாழாய்ப் போகும் என்று கத்திக் கத்தியே தொண்டை போனவன். இங்கே வந்து பார்த்தால் எங்கள் வரிசையில் பத்து வீட்டுக் கஞ்சி, சாம்பல், உடைந்த கிளாஸ் எல்லாம் ஒரே தொட்டியில். பன்றிகளுக்குக் கழுநீர் எடுக்க வரும் சீனன் ஆ லோக் ஒருநாள் கண்கலங்கி நின்றான். கழுநீரில் கிடந்த கண்ணாடி அவனுடைய சினைப்பன்றியின் வாயைக் கிழித்துவிட்டதாம். "சாப்பிடலே அண்ணே, செத்துப்போகும் லா" என்றான். எனக்கு மனசு பொறுக்குமா? அன்றைக்கே மூன்று மண்ணெண்ணெய் டின்களை வாசலில் வைத்தேன். கழுநீருக்கு ஒன்று, சீசா தகரத்துக்கு ஒன்று, காகிதம் கந்தலுக்கு ஒன்று. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவர் கையையும் சோதித்தேன். அடுத்த வீட்டு மாரியம்மா மீன் சுற்றிய காகிதத்தோடு வந்து, "அண்ணே, இது மீனா காகிதமா? நீங்களே நக்கிப் பாத்துச் சொல்லுங்க லா" என்றாள். பத்து வீடும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

போன ஞாயிறு பூசை முடிந்து ரோசரி ஜெபமாலைக்கு நின்றுவிட்டாள். நான் மட்டும் வந்து வீட்டுச் சாமான்களைப் பிரிக்கத் தொடங்கினேன். அலமாரியில் மாதா படத்துக்குப் பின்னால் ஒரு நீலச் சீசா, அடியில் இரண்டு விரல் தண்ணீர். தண்ணீரைக் கழுநீர் டின்னில் ஊற்றினேன். சீசாவைச் சீசா டின்னில் போட்டேன். மூடியிருந்த துணியைக் கந்தல் டின்னில் போட்டேன். பிரித்ததில் ஒரு பிழையும் இல்லை என்பதை அவளிடம் சொல்லும். அது உங்கள் தாயார் வேளாங்கண்ணியிலிருந்து மடியில் கட்டிக் கப்பலேற்றி வந்த தீர்த்தம் என்பது சத்தியமாய் என் புத்திக்கு எட்டவில்லை.

அவள் திரும்புவதற்குள் ஆ லோக் வந்து கழுநீரை எடுத்துப் போய்விட்டான். "மாதா தீர்த்தத்தப் பன்னிக்கு ஊத்திட்டீங்களே, நீங்க மனுசந்தானா?" என்றாள். அவ்வளவுதான். அழக்கூட இல்லை. மூட்டை கட்டி உம்மிடம் வந்துவிட்டாள்.

நேற்று ஆ லோக் ஓடிவந்தான். சாகக் கிடந்த பன்றி எழுந்து பதினோரு குட்டி போட்டதாம். மாரியம்மா அவனிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். "அந்தத் தண்ணி லாகி அடா, இன்னும் இருக்கா, அண்ணே? கொஞ்சம் குடு லா" என்று சட்டியை நீட்டுகிறான். மாரியம்மாவோ கழுநீர் டின்னுக்குக் கற்பூரம் காட்டிவிட்டுப் போனாள். நான் எந்த முகத்தோடு வெளியே போவேன்?

மூன்று டின்களையும் கவிழ்த்துவிட்டேன். எல்ஸி சாயங்காலமானால் வாசலில் நின்று கோப்பெங் மோட்டார் வருகிறதா என்று பார்க்கிறாள். நானும் பார்க்கிறேன். தெரியாமல் செய்தேன், மன்னித்து வரச் சொல்லும். உமக்கும் பெண்சாதி பிள்ளைகளுக்கும் மாதாவின் அடைக்கலம் உண்டாவதாக.

இப்படிக்கு,
உம்முடைய
யேசுதாசன்

பின்குறிப்பு: இதை மட்டும் மனசுக்குள் வாசியும். தெரியாமல் செய்தேன் என்றது பொய். அந்தச் சீசாவில் இருந்தது வேளாங்கண்ணித் தீர்த்தமே அல்ல. பதினெட்டாம் வருஷக் காய்ச்சலில் தோட்டத்தில் தினம் பிணம் போனபோது, எல்ஸிக்கு இரண்டு வயது. ரோசரியும் நினைவில்லாமல் கிடந்தாள். வேறு கதியில்லாமல், அப்போது சீசாவில் இருந்த தீர்த்தத்தைக் கடைசிச் சொட்டு வரை பிள்ளை வாயில் விட்டேன். விடியும்போது கண் திறந்தாள். காலிச் சீசாவை ரோசரி பார்த்துவிடக் கூடாதே என்று கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வைத்தேன். எட்டு வருஷமாக, வற்ற வற்ற நான்தான் நிரப்புகிறேன். அவள் அதைத் தொட்டுத்தான் பிள்ளை நெற்றியில் சிலுவை போடுகிறாள். வெறும் தண்ணீர்தானே என்று கொட்டினேன். அவளுக்கு அது என்னவென்று அந்த நேரம் மறந்துபோனேன், மச்சான். உங்கள் தாயார் கொண்டுவந்தது பன்றிக்குப் போகவில்லை. அத்தனையும் எல்ஸிக்குத்தான் போயிற்று.

வேண்டாம், இதையும் உரக்கவே வாசித்துவிடும்.