பின்சக்கரக் கரிக்கு ஒரு குற்றவாளி

ஒரு பொருள் கெட்டுப்போனால் "ஏன் கெட்டது?" என்று கேட்பவர்கள் ஒரு ரகம். "யார் கெடுத்தது?" என்று கேட்பவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தாரை உங்களுக்கு நன்றாகவே தெரியும். குழாய் சொட்டினால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கும் என்று நீங்களும் நானும் நினைப்போம், இவர் குழாய் பக்கமே போகமாட்டார், நேரே கூடத்துக்கு வந்து இடுப்பில் கைவைத்து நின்று, "யாரு கடைசியா கை கழுவினது?" என்பார். பால் திரிந்தாலும், பல்பு எரியாவிட்டாலும், கதவு கிரீச்சிட்டாலும், போன வாரம் வரை ஒழுங்காக ஓடிய கடிகாரம் நின்றாலும் அதற்கு வீட்டில் ஓர் ஆள் இருந்தே தீரவேண்டும். ஆள் அகப்பட்டுவிட்டால் பரம திருப்தி. குழாய் என்னவோ சொட்டிக்கொண்டுதான் இருக்கும். அதைப் பற்றி யாருக்கு என்ன கவலை?

நான் சொல்ல வந்த மனிதருக்கு அவர் பெற்ற மகளே வைத்த பெயர் 'விசாரணை'. வேலை காப்பீட்டு நிறுவனத்தில். விபத்தில் அடிபட்ட வண்டிகளைச் சுற்றிச் சுற்றி வந்து, தப்பு யார் மேல் என்று எழுதும் வேலை. ஆபீசில் சம்பளத்துக்குச் செய்ததை வீட்டில் இலவசமாகச் செய்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பனியனும் மடித்துவிட்ட கால்சட்டையுமாகக் காரைக் கழுவிக்கொண்டிருந்தவர் பின்பக்கம் வந்ததும் அப்படியே குந்திவிட்டார். முன்சக்கரங்கள் வெள்ளிபோல் பளபளக்க, பின்சக்கரங்கள் இரண்டும் அடிப்பிடித்த பாத்திரம் மாதிரி கறுத்துக் கிடந்தன. விரலால் தொட்டார். முகர்ந்தார். சந்தேகமே இல்லை, பிரேக் கட்டை தேய்ந்து உதிர்ந்த தூள். எந்தக் காரிலும் அது கொஞ்சம் படியத்தான் செய்யும், ஆனால் வழக்கமாக முன்சக்கரத்தில்தான் அதிகமாக இருக்கும். இங்கே தலைகீழாக இருக்கிறதே, ஏன் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்டாரா?

"ஏம்மா, இங்க வா!" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

அந்த அம்மாள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். விடிவதற்குள் வார்டில் இருக்கவேண்டிய வேலை. இத்தனை வருஷம் இருட்டோடு கிளம்பி, பஸ் மாறி, ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தவர், இந்த வருஷம்தான் பிடிவாதமாக டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கியிருந்தார். அதிகாலையில் மனைவி காரை எடுப்பார், மதியம் அவர் திரும்பி வந்ததும், அடிபட்ட வண்டிகளைப் பார்க்கப் போகக் கணவர் எடுப்பார் என்று ஏற்பாடு. அந்தச் சாவி கைக்கு வந்த நாளிலிருந்து அம்மாவின் நடையே மாறிவிட்டது என்று மகள் சொல்லுவாள்.

"நீ பிரேக் மேலயே கால வெச்சுக்கிட்டு ஓட்டுற" என்றார் விசாரணை.

"இல்லீங்க. சத்தியமா இல்ல."

"இந்த வண்டிய ஓட்டுறது ரெண்டே பேர். நான் ஒழுங்கா ஓட்டுறேன். அப்போ யாரு?"

கணக்கில் ஒரு குறையும் இல்லை பாருங்கள்! ஒருவேளை வண்டிக்கே ஏதாவது இருக்குமோ என்று மகள்தான் மெக்கானிக்குக்குப் போன் போட்டாள். "கொண்டு வாங்க, கழட்டிப் பாத்தாத்தான் தெரியும்" என்றார் அவர். விசாரணை போனைப் பிடுங்கி, "கழட்ட வேண்டாம்ப்பா, யாருன்னு தெரிஞ்சுபோச்சு" என்று சொல்லி வைத்துவிட்டார். சக்கரங்களைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். சாவி அவருடைய கால்சட்டைப் பைக்குள் போனது. மறுநாள் அந்த அம்மாள் மறுபடியும் பஸ் ஸ்டாப்பில் நின்றார். இருட்டு பழகியதுதான், ஆனால் கூட வேலை பார்ப்பவர்கள் "கார் என்னாச்சு?" என்று கேட்டபோது அழுகையே வந்துவிட்டது. ஓட்டத் தெரியாதவள் என்று கட்டின புருஷனே முடிவு கட்டியபிறகு, நமக்கு உண்மையிலேயே தெரியாதோ என்ற பயம் வேறு பிடித்துக்கொண்டது.

அடுத்த ஞாயிறு வந்தது. வாளியும் துணியுமாகப் போனவரின் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பின்சக்கரங்கள் முன்னைவிடக் கறுப்பு!

மகள் வாசலுக்கு வந்தாள். இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "அப்பா, யாரு கடைசியா ஓட்டினது?"

விசாரணை லேசில் அசருகிற ஆளா? ரோடு போடுகிறவர்களைத் திட்டினார். காற்றைச் சந்தேகித்தார். பக்கத்து வீட்டுக்காரர் பொறாமை பிடித்தவர் என்பதை நினைவுபடுத்தினார். சோப்புத் தூள் மாற்றி வாங்கியது யார் என்றுகூட ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க. வண்டிய எடுங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம்" என்றார் மனைவி.

போய்விட்டு வந்தார்கள். வழியில் ஆளும் இல்லை, வண்டியும் இல்லை. பிரேக் போடவே அவசியம் வரவில்லை. இறங்கியதும் அந்த அம்மாள் ஒவ்வொரு சக்கரமாகக் குனிந்து, நோயாளியின் நெற்றியைப் பார்ப்பதுபோலப் புறங்கையைக் கிட்டே கொண்டுபோனார். முன்பக்கம் சூடே இல்லை. பின்பக்கம் போன கை வெடுக்கென்று திரும்பி வந்தது.

"பின்னால ரெண்டும் கொதிக்குதுங்க! நீங்க கால வைக்காமலே பிரேக் பிடிச்சுக்கிட்டு வந்திருக்கு." கதவைத் திறந்து உள்ளே பார்த்தார். "இந்த ஹேண்ட் பிரேக் ஏன் முழுசா இறங்கல?"

"அது நான்தான் அப்படி வெச்சேன்" என்றார் விசாரணை, குரலில் பெருமை கொஞ்சமும் குறையாமல். "முழுசா இறக்கினா கேபிள் தொங்கிப்போயிடும். எப்பவும் ஒரு பல்லு மேலயே விட்டு வைக்கணும். எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"அப்படி விட்டா முன்னால சிவப்பு லைட் எரியுமே?"

"எரியும். சென்சார் கோளாறு. அதான் மேல கறுப்பு டேப் ஒட்டியிருக்கேன்."

மனைவி மெதுவாகக் கேட்டார்: "ஹேண்ட் பிரேக் எந்தச் சக்கரத்தப் பிடிக்கும்?"

விசாரணைக்குப் பதில் தெரியும். பின்சக்கரங்களைத்தான். ஆனாலும் கடைசியாக ஒரு பிடி அகப்பட்டது. "நீயும் அப்படித்தான ஓட்டின? நான் சொல்லிக்குடுத்த மாதிரி?"

"இல்ல. நான் முழுசா இறக்கிடுவேன்."

"நான் சொன்னேனே!"

"சொன்னீங்க. நானும் சரின்னேன்."

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் வீட்டுக்குள் ஓடினாள். மனைவி சிரிக்கவில்லை. "தினமும் ஆபீஸ் போற வழியில அந்தப் பாலத்துல இறங்குறீங்க. பிரேக் சூடாகி, மிதிக்கும்போது பிடிக்காமப் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்?" என்றார். கோபமும் பயமும் ஒன்றாக வந்துவிட்டன. பிறகு கையை நீட்டினார். விசாரணை கால்சட்டைப் பையைத் துழாவிச் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார். டேப்பையும் அவரே பிய்த்துப் போட்டார். அம்மாள் அப்போதே காரை எடுத்துக்கொண்டு மெக்கானிக்கிடம் போனார். போன நடையைப் பார்த்திருக்கவேண்டும் நீங்கள்!

இனியாவது மனிதர் திருந்தினாரா என்றுதானே கேட்கிறீர்கள்? கார் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றவர், வாளியில் இருந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு, கூடத்துக்கு வந்து, மகளிடம் தீர யோசித்த முகத்துடன் கேட்டார்: "எனக்கு அந்தக் காலத்துல வண்டி ஓட்டக் கத்துக்குடுத்தானே, அவன் பேரு என்ன?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், ஒளிக்காமல் சொல்லுங்கள். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே, "அட, இது அச்சு அசல் அவரேதான்" என்று உங்கள் மனசு ஓர் ஆளைத் தேடிப் பிடித்துவிட்டதல்லவா?

ஆமாம். இந்த ரகத்தார் அப்படித்தான் தேடுவார்கள்.